வணிக ஊடகத் தொடர்பு

வணிக ஊடகத் தொடர்பு என்பது ஒரு வணிக நிறுவனம் தன்னைப் பற்றிய தகவல்கள் செய்தியாக வெளிவரும் பொருட்டு இதழாளர்களுடன் கொள்ளும் தொடர்பு ஆகும். இது மக்கள் தொடர்புத் துறையின் ஒரு பிரிவு. விளம்பரத்தில் இடத்துக்கும் நேரத்துக்கும் பணம் செலுத்தப்படுவதால், எது வெளிவர வேண்டும் என்பதைப் பணம் தருபவர் முடிவு செய்கின்றார். செய்தியில் அந்த முடிவு இதழாளருடையது. இதனாலேயே வாசகர் விளம்பரத்தைவிடச் செய்தியைக் கூடுதலாக நம்புகின்றனர்.

வரலாறு

செய்திக் குறிப்பு எனப்படும் எழுத்து வடிவத்தின் தொடக்கம் 1906 ஆம் ஆண்டு எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா தொடர்வண்டி நிறுவனத்தின் வண்டி ஒன்று விபத்துக்குள்ளானது. அதன் ஆலோசகரும் முன்னாள் இதழாளருமான ஐவி லீ, விபத்தை மறைக்காமல் விவரங்களை எழுதி நாளிதழ்களுக்கு வழங்கினார். நிருபர்கள் விபத்து நடந்த இடத்துக்குச் செல்லவும் ஏற்பாடு செய்தார்.

சுதேசிக் கப்பல் நிறுவனம்

அதே 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் முயற்சியால் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. இதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளை விற்க வேண்டியிருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது நோக்கமாக இருந்தது.

சுப்பிரமணிய பாரதி ஆசிரியப் பொறுப்பு வகித்த இந்தியா என்னும் வார இதழ் இம்முயற்சியைத் தொடர்ந்து ஆதரித்து எழுதியது. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் முற்றுரிமையை உள்ளூர் வணிகர் எதிர்க்கின்றனர் என்பதே இங்கு செய்தியாக அமைந்தது. பங்கு விற்பனை அதன் பின்னணியில் நின்றது. பொதுமக்களைப் பாதிக்கும் ஒன்றாக இருந்தமையால் இதழ்கள் இதனை ஏற்றன.

எனினும் விளம்பரம் மட்டுமே ஒரு தொழிலைக் காக்காது என்பதற்கும் இந்நிறுவனம் சான்றாகும். போட்டி நிறுவனம் கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்தது. 1908 மார்ச்சில் வ. உ. சி. கைது செய்யப்பட்டார். 1911 இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

செயற்படும் முறை

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்களே செய்தி சேகரிக்கின்றனர். ஒருவரே காவல்துறை, வேளாண்மை, கோயில் விழா, விபத்து என அனைத்தையும் எழுத நேர்கின்றது. ஆகவே அவரது வேலையை எளிதாக்கும் வணிகருக்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள் வருமாறு:

* இதழைப் படித்தல்: எந்தப் பக்கத்தில் எவ்வகைச் செய்தி வருகின்றது, யார் எழுதுகின்றார் என்பதை முன்னரே அறிதல். வேளாண் இதழுக்கு உரியதைக் குற்றச் செய்தி நிருபரிடம் தருவதால் பயனில்லை.
* செய்திக் குறிப்பு: யார், எது, எங்கு, எப்போது, ஏன், எவ்வாறு என்னும் வினாக்களுக்கு முதல் பத்தியிலேயே விடை தருதல். ஒரு பக்கத்துக்கு மேற்படாமை நன்று. "தலைசிறந்த", "முதன்மையான" போன்ற அடைமொழிகளை இதழாளர் நீக்கிவிடுவர்.
* நேரம்: நாளிதழ்ப் பக்கங்கள் மாலையில் நிரம்பத் தொடங்குவதால் காலையிலோ நண்பகலிலோ தகவல் தருதல்.
* பேட்டி: தெரியாததைத் தெரியாது எனக் கூறிப் பின்னர் கேட்டுச் சொல்லுதல். வெளியிட வேண்டாம் எனக் கருதுவதை, சொல்லிய பின் தடுப்பதைவிட, சொல்லாமலிருத்தல் பாதுகாப்பானது.
* வெளியீட்டுக்கு முன் கட்டுரையைக் காட்டுமாறு வற்புறுத்தாமை: எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபார்க்குமாறு கேட்கலாம்.

ஏலக்காய் வணிகம்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. போடியில் இருந்தும் சிலமலை போன்ற அருகிலுள்ள மலையடிவார ஊர்களில் இருந்தும் தொழிலாளர்கள் மேலேயுள்ள தோட்டங்களுக்குச் செல்கின்றனர். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறுகின்றது. ஏல விலை நாளிதழ்களுக்கு வழக்கமான செய்தியாகும்.

இங்கு எண்களைத் தரும் முறை முக்கியத்துவம் பெறுகின்றது. 2018 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்கும் அடுத்த ஆண்டு மழைக் குறைவுக்கும் பின்னர் விளைச்சல் சரிந்தது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு விற்றதாகச் செய்தி வெளியானது. இது உச்ச விலை. அன்றைய சராசரி விலை இதைவிட மிகக் குறைவு. உச்ச விலை மட்டும் தலைப்பானால், காய் இல்லாமல் கடன்பட்டிருக்கும் சிறு விவசாயியும் பெரும் பணம் ஈட்டியதாக வாசகர் கருதுவர். தொழிலாளர் கூலி, வங்கிக் கடன், அரசு நிவாரணம் ஆகியவை பற்றிய பேச்சிலும் இப்பிழை எதிரொலிக்கும். எனவே உச்ச விலை, சராசரி விலை, விற்ற அளவு, காயின் தரம் ஆகிய நான்கையும் சேர்த்துத் தருவதே வணிகருக்கும் விவசாயிக்கும் நன்மை பயக்கும்.

பாதகமான செய்தி

சபரிமலையில் அரவணைப் பாயசத்துக்குப் பயன்பட்ட ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறியதாக ஆய்வில் தெரிவிக்கப்பட்டதை அடுத்து, 2023 சனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடுத்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. ஒரு கொள்முதல் தொடர்பான வழக்காயினும், ஏலக்காய் என்னும் பொருளின் பெயரே செய்திகளில் இடம்பெற்றது.

இத்தகைய வேளையில் தொலைபேசியை அணைத்து வைத்தல் பொதுவாகத் தீங்கையே தரும். விற்பவரின் கூற்று இல்லாமலே செய்தி வெளிவரும். ஆய்வுச் சான்று, கொள்முதல் பதிவு ஆகியவற்றைக் காட்டக்கூடியவர் விரைவாக விளக்கம் தரலாம். குறை உண்மையாயின் அதை ஒப்புக்கொண்டு, சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பதே முறை. செய்தி தவறாயின் ஆசிரியருக்குச் சான்றுடன் எழுதித் திருத்தம் கோரலாம். கிடைக்காதபோது இந்தியப் பத்திரிகை மன்றத்தில் அச்சு இதழ்கள் பற்றி முறையிடலாம்.

பணச்செய்தி

பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடுவது பணச்செய்தி எனப்படும். 2009 ஆம் ஆண்டுத் தேர்தல்களுக்குப் பின் இது பெரும் விவாதமானது; இந்தியப் பத்திரிகை மன்றம் 2010 இல் இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. நிருபருக்குப் பணமோ பரிசோ தருவது நெறிக்கு மாறானது என்பதுடன் வணிக நோக்கிலும் இழப்பாகும். செய்திக்கு மதிப்பு அதன் நம்பகத்தன்மையால் வருவது. விலைக்கு வாங்கியது எனத் தெரிந்தவுடன் அம்மதிப்பு மறைந்துவிடுகின்றது.

இவற்றையும் பார்க்க

* மக்கள் தொடர்பு
* விளம்பரம்
* வ. உ. சிதம்பரம்பிள்ளை
* போடிநாயக்கனூர்
* ஏலக்காய்