இரவல் கோட்டும் இன்ஸ்டாகிராமும்

மாங்கனித் திருவிழா முடிந்த வாரம். தலத்தெருவில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியிருந்தது. பேச எடுத்துக்கொண்டது வேறு தலைப்பு. ஆனால் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்ட கேள்வியிலேயே அந்த மாலை போய்விட்டது.

"அக்கா, என் இன்ஸ்டாவுல இருநூறு போட்டோ இருக்கு. பீச்சுல எடுத்தது, ஆத்தங்கரையில எடுத்தது, ஃப்ரெண்டு வீட்டு மாடியில எடுத்தது எல்லாம் இருக்கு. எங்க வீட்டு வாசல்ல எடுத்தது ஒண்ணுகூட இல்ல. நேத்து ஒரு ரீல்ஸ்ல ஒரு பொண்ணு 'ஃபேக்கா இருக்காதீங்க, நீங்க நீங்களா இருங்க'ன்னு சொல்றா. அப்ப நான் ஃபேக்கா?"

எங்களில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் போன்களிலும் அந்த வாசல் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெருப் பெயர் தெரியாமல் வெட்டிய படங்கள், பின்னால் இருக்கும் சுவரை மங்கலாக்கிய படங்கள் எங்களிடமும் உண்டு.

அவள் கேள்விக்கான பதிலை நாங்கள் தேடிப் போனது வரலாற்றில். ஏனென்றால் எதை உடுத்தலாம், எதைக் காட்டலாம், எப்படித் தெரியலாம் என்பது நம் மக்களுக்கு ஒருநாளும் வெறும் ரசனை சார்ந்த விஷயமாக இருந்ததில்லை.

முதலில் நம் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். பல வீடுகளில் தாத்தாவின் ஸ்டுடியோ படம் ஒன்று மாட்டியிருக்கும். கோட்டு, கையில் கடிகாரம், பக்கத்தில் ஒரு பூச்சாடி, பின்னால் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. அந்தக் கோட்டு அவருடையது அல்ல. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் சீப்பும் பவுடரும் கண்ணாடியும் வைத்திருப்பதுபோல் ஒரு கோட்டும் ஆணியில் தொங்கும். வருகிறவர் மாட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். மாளிகையும் அவருடையது அல்ல. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு ஃபில்டர். அப்படியானால் தாத்தா பொய் சொன்னாரா?

இதற்குப் பதில் சொல்ல 1930க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடலை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது.

நம் மக்கள் கேட்கவில்லை. குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாட்டை மேய்க்க வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. கல்யாண ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவைத்தான் பல்லக்காகப் பயன்படுத்த வேண்டும், வண்டி வாகனம் எதற்குமே கூடாது என்பது இன்னொன்று.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு மறுபடி தாத்தாவின் படத்தைப் பாருங்கள். கோட்டு, கிராப்பு, செருப்பு. தடைப் பட்டியலில் இருந்தவை ஒவ்வொன்றாக அவர் உடம்பில் இருக்கின்றன. கோட்டு இரவலாக இருக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்த துணிச்சல் இரவல் அல்ல.

நம் காரைக்காலுக்கு இதில் தனிக் கதை உண்டு. 1739 முதல் இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1873ல் புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியப் பாணிச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். பிள்ளை என்ற பட்டமே சொல்வதுபோல் அவர் சேரியிலிருந்து வந்தவர் அல்ல. ஆனால் அந்தச் சப்பாத்து திறந்த கதவு வழியே நம்மவர்களும் நுழைந்தார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சாதி சமய வழக்கங்கள் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர யாரும் விண்ணப்பிக்கலாம் என்றானது. அப்படித் துறப்பவர் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி தேர்ந்தெடுத்த பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அவர் வழியில் துறந்தவர்களில் தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் ஏராளம். சாதி இந்துத் தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

பிரெஞ்சு ஆட்சி சாதியை ஒழித்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது காலனி ஆட்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொந்தப் பெயரை மாற்றிக்கொண்டு, அதுவரை காலில் ஏறாத சப்பாத்தை மாட்டிக்கொண்டவர்கள் போலிகளா? பிறப்பால் ஒட்டவைக்கப்பட்ட பெயர்தான் உண்மையானது, தானே தேர்ந்தெடுத்த பெயர் பொய்யானது என்று யார் தீர்மானிப்பது?

'நீங்கள் நீங்களாக இருங்கள்' என்ற அறிவுரையில் இருக்கும் சிக்கல் இதுதான். எந்த நான்? ஊர் எனக்குக் கொடுத்த நானா, நானே உண்டாக்கிக்கொண்ட நானா?

1893ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி தூய வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, விலை கொடுத்து வாங்கிய வில்வண்டியில் பொதுச்சாலையில் போனார். அது நம்மவர் போகக் கூடாத சாலை. 1915ல் கொல்லம் அருகே பெரிநாட்டில் புலையர் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். அந்த மாலை அவர்களின் பாரம்பரிய அணி என்று இன்று யாராவது அழகாகப் படம் எடுத்துப் போடலாம். அவர்களுக்கு அது அடிமைக் குறி. 1927 டிசம்பரில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோதும் இதையே சொன்னார். உங்கள் சேலைக்கட்டும் கழுத்து நிறைந்த மலிவான நகைகளும் உங்கள் சாதியைக் காட்டிக் கொடுக்கின்றன, அவற்றை விடுங்கள் என்றார். பெண்கள் சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள்.

நம் ஊர் அம்மையாரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. வணிகர் வீட்டுப் புனிதவதி, கணவன் விலகிய பின், அழகு நிறைந்த உடலை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டுப் பெற்றார். 1921ல் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்தார். இரண்டும் பெரிய துறவுகள். ஆனால் கையில் இருப்பதைத்தான் துறக்க முடியும். சட்டை போட்டதற்கு அடி வாங்கிய பரம்பரையிடம் எளிமையாக இரு, அலட்டாதே என்று சொல்வது வேறு விஷயம். காந்தி வேட்டிக்கு வந்த காலத்தில் அம்பேத்கர் கோட்டுக்கு வந்ததன் காரணம் இதுதான்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாயில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகள் கொளுத்தப்பட்டன. அதை ஒட்டிய நாட்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 1930ல் கோட்டு, பனியன். 2012ல் ஜீன்ஸ், கண்ணாடி. பட்டியலில் பொருள்கள்தான் மாறியிருக்கின்றன.

2017ல் குஜராத்தின் லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள் என்று புகார் எழுந்தது. அதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இளைஞர்கள் முறுக்கிய மீசைப் படத்துடன் 'மிஸ்டர் தலித்' என்ற வரியைத் தங்கள் வாட்ஸ்அப் டிபியாக வைத்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893ல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொன்ன சொல்லையே நெற்றியில் எழுதிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. போனில் நடந்தது என்பதால் அந்த மீசைப் போராட்டம் சின்னதாகிவிடாது.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்படும் வரை, வயல் வரப்பிலும் ஓலைக் குடிசை முன்பும் ஆடிப் பாடிய நம்மவர்கள் அதில் நிறைய இருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் வைத்த பெயர் 'கிரிஞ்ச்'. பளிங்குத் தரையில் ஆடினால் அழகியல், சாணம் மெழுகிய தரையில் ஆடினால் கிரிஞ்ச். ரசனை என்ற பெயரில் அங்கே வேலை செய்தது எது என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே அந்தத் தங்கைக்கு எங்கள் முதல் பதில்: நீ ஃபேக் இல்லை. உடுத்திக்கொண்டு, தலை நிமிர்ந்து, அழகாகப் படம் எடுத்துப் போடுவது உனக்குச் சும்மா கிடைத்ததல்ல. பலர் குடிசையை இழந்து அதைப் பெற்றுத் தந்தார்கள்.

ஆனால் இதோடு பேச்சை முடித்திருந்தால் நாங்கள் அவளை ஏமாற்றியிருப்போம்.

ஏனென்றால் அவள் வருத்தம் படத்தில் இல்லை, ஒப்பீட்டில் இருந்தது. காலையில் எழுந்ததும் யாரோ ஒருத்தியின் அறை, யாரோ ஒருத்தியின் பயணம், யாரோ ஒருத்தியின் தோல் நிறம். பிறகு நம் அறை, நம் நிறம். இந்த ஒப்பீடு எங்கே கொண்டுபோய் விடும் என்று சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதியைப் படிநிலைப்படுத்திய சமத்துவமின்மை என்றார் அம்பேத்கர். மேலே போகப் போக மரியாதை கூடும், கீழே போகப் போக இகழ்ச்சி கூடும். ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர் இருப்பதால் யாரும் ஏணியை உடைக்க மாட்டார்கள். ஃபாலோயர் எண்ணிக்கையும் நம்மை அப்படித்தான் பழக்குகிறது. ஆயிரம் பேர் வைத்திருப்பவள் பத்தாயிரத்தைப் பார்த்து ஏங்குகிறாள், இருநூறு வைத்திருப்பவளைப் பார்த்து ஆறுதல் அடைகிறாள். அந்த ஆறுதல்தான் ஆபத்து. நம் தெருவுக்குள்ளேயே அது மேல்கீழை உண்டாக்குகிறது.

அந்த அறையும் பயணமும் பெரும்பாலும் வியாபாரம் என்பதையும் மறக்கக் கூடாது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றால், எத்தனை 'என் மனசுல இருந்து சொல்றேன்'கள் காசு வாங்கிச் சொன்னவை என்று யோசித்துப் பாருங்கள். உண்மையாக இருப்பதுகூட இன்று நன்றாக விற்கும் சரக்கு. நம் வறுமையை அழவைக்கும் இசையோடு காட்டினாலும் விற்கும். அதை வாங்குகிறவர்கள் நமக்குச் சமமாக உட்கார இடம் தருவார்கள் என்று அர்த்தமில்லை.

அன்று ஊர் சொன்னது: உன்னைக் காட்டாதே. இன்று சந்தை சொல்கிறது: காட்டிக்கொண்டே இரு, ஆனால் அவர்களைப் போலக் காட்டு. இரண்டிலும் அளவுகோல் நம் கையில் இல்லை. கல்மாலையை அறுத்த பெண்கள் அளவுகோலைத் தங்கள் கையில் எடுத்தார்கள். சேர்ந்து எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் அழகாகத் தெரிவதற்காக அவர்கள் அதைச் செய்யவில்லை.

அதனால் ஒரு படத்தைப் போடும் முன் அது உண்மையா பொய்யா என்று கேட்பதைவிட இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். இது யாருடைய கண்ணுக்காக? இதைப் போட நான் என் அம்மாவை, என் தெருவை மறைக்க வேண்டியிருந்தால், மறைக்கவைத்தது என் விருப்பமா, என் பயமா? இந்தப் படத்தைப் பார்க்கும் நம் பிள்ளை ஒன்று நிமிருமா, குறுகுமா? இதற்காக நான் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறேனா?

பயத்தினால் மறைக்கிறவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். தெருப் பெயர் தெரிந்ததும் முகம் மாறும் வகுப்பறைகளும் வாடகை வீடுகளும் இருக்கும்வரை, மறைப்பது சிலருக்குப் பாதுகாப்பு. வெட்கப்பட வேண்டியது அந்த வகுப்பறைதான், படத்தை வெட்டிய பிள்ளை அல்ல. ஆனால் எதனால் மறைக்கிறோம் என்பது நமக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் மறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நாமே அந்த வாசலை இகழத் தொடங்கிவிடுவோம்.

அன்று மாலை நாங்கள் ஒரு வேலையை முடிவு செய்தோம். தலத்தெருவில் அவரவர் வீட்டில் இருக்கும் பழைய ஸ்டுடியோ படங்களைப் போனில் படியெடுத்து, அதில் இருப்பவர் யார், எந்த வருடம், எந்த ஊர் ஸ்டுடியோ, அன்று போட்டிருந்த சட்டை யாருடையது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது. நிறம் மங்கிய படங்கள் அவை. சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது. தாமதித்தால் படம் இருக்கும், பெயர் இருக்காது. உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள் தோழர்களே. எழுதியதை முதலில் தெருவுக்குள் வாசியுங்கள். வெளியே போடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்யட்டும்.

அந்தத் தங்கை தன் ஆத்தாவின் படத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். வேறொருவரின் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ஆத்தாவிடம் கேட்டு முதல் பக்கத்தை அவள்தான் எழுதுகிறாள். வீட்டு வாசல் படத்தை அவள் இன்னும் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜெய் பீம்.