எலிக்கு வளர்ந்த நுரையீரல் - வைட்டமின் ஏ கதை

கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் நுரையீரல்? சிதைந்தால் சிதைந்ததுதான் என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. அந்த நம்பிக்கையை ஒரு வைட்டமின் அசைத்துப் பார்த்த கதை இது.

நம் நுரையீரலில் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பது இங்கேதான். பல வருடம் புகைபிடித்தால் இவற்றின் சுவர்கள் அழிந்து, சிறு அறைகள் ஒன்று சேர்ந்து பெரிய பைகளாகிவிடும். இதுதான் எம்ஃபைசிமா. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். மருந்துகள் சிரமத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அழிந்த சுவரைக் கட்டித் தராது.

வைட்டமின் ஏ இல்லாத உணவு தந்தால் எலியின் மூச்சுக்குழாய் உட்பரப்பு தோல்போலக் கடினமாகிவிடுகிறது என்று 1925-லேயே வோல்பாக், ஹோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த வைட்டமினிலிருந்து நம் உடல் ரெட்டினோயிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. கருவில் நுரையீரல் உருவாகும்போது தேவையான ஜீன்களை இயக்கிவிடுவது இந்த அமிலம்தான்.

சரி, முதலில் கட்டிய கொத்தனாரையே மறுபடி கூப்பிட்டால் என்ன?

அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோரியா மசாரோ, டொனால்ட் மசாரோ தம்பதியர் அதைத்தான் செய்தார்கள். எலாஸ்டேஸ் என்ற நொதியைச் செலுத்தி எலிகளின் நுரையீரலைச் சிதைத்தார்கள். பிறகு 12 நாட்கள் ரெட்டினோயிக் அமிலம் கொடுத்தார்கள். அறைகள் மீண்டும் உருவாகியிருந்தன! 1997-ல் நேச்சர் மெடிசின் இதழில் இது வெளியானதும் நோயாளிகளுக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது.

அடுத்து மனிதர்கள். 148 நோயாளிகளிடம் நடந்த ஃபோர்ட்டே ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. உறுதியான பலன் எதுவும் இல்லை. இதே வகையைச் சேர்ந்த பலோவரோட்டின் மருந்தும் 2012-ல் வெளியான ஆய்வில் கைவிட்டது.

ஏன்? எலியின் நுரையீரல் வாழ்நாள் முழுக்க வளரக்கூடியது. அதன் காயமும் ஒரே நாளில் உண்டாக்கியது. மனிதனின் காயமோ பல வருடப் புகை.

ஆனால் எல்லாமே தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த 807 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. வைட்டமின் ஏ ஊசி போட்டதில், இறந்தவர்கள் அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு ஆளானவர்களின் அளவு 62 சதவீதத்திலிருந்து 55 ஆகக் குறைந்தது. வளரும் நுரையீரலுக்கு அது உதவுகிறது. இடிந்ததைத்தான் மனிதனில் இன்னும் கட்ட முடியவில்லை.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு புகைபிடிக்கும் நண்பருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! பின்லாந்தில் 29,133 புகைப்பவர்களிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளான பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது (1994). அவருக்குத் தேவை மாத்திரை அல்ல, சிகரெட்டை விட நாம் தரும் துணை.