சின்ன மீன் வந்தது, பெரிய மீன் போச்சு!

(வானொலி உரை)

ஏரித் தண்ணீர் கட்டாந்தரை மாதிரி உறைந்து போனால் மீன் பிடிக்க முடியுமா? அமெரிக்காவிலே விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் பிடிக்கிறார்கள். அங்கே மார்கழியிலிருந்து பங்குனி வரை ஏரிகள் பனிக்கட்டி மூடிக் கிடக்கும். ஜனங்கள் அதன்மேல் நடந்து போய், சாண் அகலத்துக்குத் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் விரும்பிப் பிடிப்பது மஞ்சள் பெர்ச், வால்-ஐ போன்ற மீன்கள். இந்தப் பிடிப்புக்கு உலை வைத்தது ஒரு சின்ன மீன். அதன் கதையைக் கேளுங்க.

1912-ஆம் வருஷம். பக்கத்து மிச்சிகன் மாநிலத்தில் கிரிஸ்டல் ஏரி என்று ஒன்று. அதில் சால்மன் மீன் வளர்க்க ஆசைப்பட்டார்கள். அதற்குத் தீனி வேணுமே! மெயின் மாநிலத்திலிருந்து ஸ்மெல்ட் என்னும் மீனின் முட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்மெல்ட் அந்த ஏரியோடு நிற்கவில்லை. 1923-இல் மிச்சிகன் பேரேரியில் தென்பட்டது. பிறகு மற்றப் பேரேரிகளுக்கும் பரவியது. அங்கிருந்து மனிதர் கைவழியாக உள்நாட்டுச் சிற்றேரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

விஸ்கான்சினில் ஸ்பார்க்ளிங் ஏரிக்கு 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அங்கே பூர்வீகமாக இருந்த சிஸ்கோ மீனின் குஞ்சுகளைத் தின்றே அந்த இனத்தை ஒழித்துவிட்டது. அந்த மாநிலத்திலும் கிரிஸ்டல் என்றொரு ஏரி உண்டு. பெயர் ஒன்று, ஊர் வேறு. அங்கே ஸ்மெல்ட் பெர்ச்சோடு இரைக்குப் போட்டி போட, பெர்ச் அருகிப் போச்சு.

வால்-ஐ கதை இன்னும் வேடிக்கை. பெரிய வால்-ஐ ஸ்மெல்ட்டைத் தின்று கொழுக்கும். பார்க்கிறவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஸ்மெல்ட் புகுந்த ஏரிகளில் வால்-ஐ குஞ்சுகள் தேறி வருவது குறைந்துபோனது. கிழ மாடு கொழுத்து, கன்று இல்லாத தொழுவம் எத்தனை நாளைக்கு?

சரி, வந்ததை விரட்டலாமே என்பீர்கள். ஸ்பார்க்ளிங் ஏரியில் 2002 முதல் பல வருஷம் வலையும் பொறியும் போட்டு அள்ளினார்கள். ஸ்மெல்ட்டுக்குக் குளிர்ந்த நீர்தான் ஆகும். அதனால் கிரிஸ்டல் ஏரியில் 2012, 2013 கோடையில் காற்றுக் கருவிகளால் அடித்தண்ணீரையும் மேல்தண்ணீரையும் கலக்கி, ஏரியையே வெதுவெதுப்பாக்கிப் பார்த்தார்கள். மீன் குறைந்தது, அற்றுப் போகவில்லை.

ஏரி எந்தச் சீமையில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதாங்க. வெளி மீனை விடுமுன், அது எதைத் தின்னும் என்று மட்டும் பார்த்தால் போதாது. யாருடைய குஞ்சைத் தின்னும் என்றும் கேட்க வேணும். மிஞ்சின தூண்டில் மீனைக்கூட வேறு தண்ணீரில் கொட்டிவிட்டு வராதீர்கள். விடுவதற்கு ஒரு வாளி போதும். எடுப்பதற்கு வருஷங்கள் போதவில்லை.