சங்கிலியும் பதினைந்து இலக்கமும்

ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தொங்கும் கம்பி வளையம், பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டுவதற்காக வைத்தது. சங்கிலியும் பூட்டும் நடைமேடையிலேயே கிடைக்கின்றன. லேப்டாப் பையை அதில் பூட்டிவிட்டுத் தூங்குகிறவர் இரும்பை நம்புகிறார். கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவருக்கு இருக்கும் துணை ஓர் எண்: *#06# அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ, அந்தக் கருவியின் அடையாள எண்.

சங்கிலி திருடனுக்கு நேரத்தை இழுக்கும், அவ்வளவுதான். பிளேடு பையைக் கிழித்துவிடும். ஜிப்பைக் கையாலேயே திறக்கலாம். ஆனால் வண்டி இரண்டு நிமிடம் நிற்கிற ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறவனுக்கு அந்த இழுப்பே அதிகம். பூட்டோடு மல்லுக்கட்டாமல், பூட்டாத பக்கத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். நம் பை தப்பியது, எதிர் சீட்டுக்காரர் பை போயிற்று. களவை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதைப் பாதுகாப்பு என்று பெருமை பேச எனக்குத் தயக்கம்தான். இருந்தும் பூட்டத்தான் செய்வேன்.

ஐஎம்இஐ முடக்கமோ திருட்டை ஒரு நொடிகூடத் தடுக்காது. போன பிறகுதான் அதற்கு வேலை. 2023 மே மாதம் தொடங்கிய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போலீஸ் புகார் நகலோடு விண்ணப்பித்தால், அந்தக் கருவி இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. சிம்மை மாற்றினாலும் பலிக்காது. (இரண்டு சிம் போனுக்கு எண்ணும் இரண்டு, இரண்டையும் கொடுக்க வேண்டும்.) பழைய போன் வாங்குகிறவரும் அங்கேயே எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆக அடி விழுவது திருட்டுப் போனின் விலையில். விலை விழுந்தால் எதிர் சீட்டுக்காரருக்கும் லாபம். சங்கிலியால் முடியாதது இது.

ஓட்டைகள் இல்லாமலில்லை. நாட்டின் எல்லையைத் தாண்டிய போனை இந்த முடக்கம் எட்டாது. பிரித்துத் திரையாகவும் பேட்டரியாகவும் விற்றால் எண்ணை யார் கேட்கப்போகிறார்கள்? எண்ணையே மாற்றுகிறவர்களும் உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை. வைஃபை மட்டுமுள்ள சாதாரண லேப்டாப்புக்கோ இப்படி ஓர் எண்ணே கிடையாது. அதற்கு இரும்புதான் கதி.

ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, வண்டி நகர்கிற நேரம் பார்த்துப் பறித்துப் போனால் இரண்டுமே உதவாது. திரை திறந்தபடி போயிருக்கிறது. யுபிஐயும் ஓடிபியும் அவன் கையில். பறித்து ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி 2024-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று பார்த்துவைப்பது நல்லது. பறிபோனால் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி முதலில் சிம்மை முடக்க வேண்டும், அடுத்து வங்கி. புகாருக்காக வழியில் இறங்க வேண்டியதில்லை. படிவம் டிக்கெட் பரிசோதகரிடமே (டிடிஇ) இருக்கும்.