சிறு வணிகங்களுக்கான வைரஸ் தடுப்பு மென்பொருள்

கணினிக்குள் புகுந்து கோப்புகளைக் கெடுக்கவோ திருடவோ பூட்டிவைக்கவோ செய்யும் தீநிரல்களைக் கண்டறிந்து தடுக்கும் நிரலே வைரஸ் தடுப்பு மென்பொருள் எனப்படும். விழுப்புரம், திண்டிவனம் நகரக் கடைவீதிகளிலும் காணை போன்ற ஒன்றியத் தலைமையூர்களிலும் உள்ள உரக்கடை, அரிசி ஆலை, நகைக்கடை ஆகியவற்றில் பில் போடுவதும், டாலி மென்பொருளில் கணக்கு எழுதுவதும், ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும், வங்கிக் கணக்கை இயக்குவதும் ஒரே கணினியில் நடக்குமானால், அந்த ஒரு கணினி முடங்கும்போது கடன் பாக்கி, சரக்கு இருப்பு, வரிக் கணக்கு அனைத்தும் ஒருங்கே கைவிட்டுப் போகும். ஆகவே இம்மென்பொருளின் தேர்வு, கடையின் கணக்கேட்டைக் காப்பது பற்றிய முடிவேயாகும்.

இத்துறையில் இந்திய நிறுவனங்கள் நெடுநாளாக இயங்குகின்றன. ஜெ. கேசவர்தனன் 1991-இல் சென்னையில் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் அவற்றுள் மூத்த ஒன்று; கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்களின் குயிக் ஹீல் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் தனி விலையின்றி வருகிறது. வேறொரு வைரஸ் தடுப்பு நிறுவப்பட்டால் அது பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு தடுப்பு நிரல்களை ஒன்றாக ஓட்டுவதால் காவல் இரட்டிப்பாவதில்லை. அவை ஒன்றையொன்று இடறிக் கணினியையும் மந்தமாக்கும்.

தடுப்பு நிரல் இரு வழிகளில் செயல்படுகிறது. முன்பே அறியப்பட்ட தீநிரலின் அடையாளக் கூறுகளை ஒப்பிட்டுப் பிடிப்பது ஒன்று. அறியப்படாத நிரலாயினும், குறுகிய நேரத்தில் பல கோப்புகளை மறைகுறியாக்குவது போன்ற அதன் நடத்தையைக் கண்டு நிறுத்துவது மற்றொன்று. மறைகுறியாக்கிப் பணம் கேட்கும் பணயத் தீநிரலுக்கு எதிராக இரண்டாம் வழியே பெரிதும் பயன்படுவதால், வாங்குவோர் அவ்வசதி உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கண்டறியும் திறனை ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் போன்ற ஆய்வகங்களின் முடிவுகளைக் கொண்டு ஒப்பிடலாம். நிறுவிய பின், ஐகார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற சோதனைக் கோப்பைச் சேமித்துப் பார்த்து, நிரல் விழிப்புடன் உள்ளதா எனச் சரிபார்க்கலாம்.

நடைமுறையில் தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணினியின் வேகமே. நினைவகம் குறைந்த பழைய கணினியில் முழுச் சோதனை பகலில் ஓடத் தொடங்கினால் பில் திரை உறைந்துவிடும். வாடிக்கையாளர் காத்திருக்க, பணியாளர் தடுப்பையே அணைத்துவிடுவார். எனவே சோதனை நேரத்தைக் கடை மூடும் பொழுதுக்கு மாற்றியமைக்கக்கூடிய, எடை குறைந்த மென்பொருளை, சோதனைக் காலப் பதிப்பாகச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. உரிமம் காலாவதியானால் புதுப்பிப்புகள் நின்றுபோகும். ஆயினும் திரையோரத்தில் அதன் சின்னம் தொடர்ந்து தெரிவதால், பாதுகாப்பு இருப்பதாகவே கடையில் நம்பிக்கொண்டிருப்பார்கள். மூன்று நான்கு கணினிகளுக்கு மேல் உள்ள இடங்களில், எல்லாவற்றின் நிலையையும் ஒரே திரையில் காட்டுவதும், பென் டிரைவைக் கட்டுப்படுத்துவதுமான வணிகப் பதிப்பு கூடுதல் விலைக்குத் தகுதியானது. திருட்டுப் பிரதி மென்பொருளை நிறுவுவதற்காகத் தடுப்பை அணைக்கச் சொல்லும் வழக்கமோ எந்தப் பதிப்பையும் பயனற்றதாக்கிவிடும்.

தடுப்பு நிரல் மட்டும் போதாது என்பதை 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் காட்டியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் உலகெங்கும் பூட்டப்பட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், அதிலேயே பில் போடும் கடைகளுக்குத் திருத்தம் இல்லாத ஓட்டைகள் உடனடிக் கவலையாகும். கணக்குத் தரவை நாள்தோறும் வெளி ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, படியெடுத்தவுடன் அதைக் கழற்றிவைப்பது இன்றியமையாதது. செருகியபடியே விடப்பட்ட டிஸ்கையும் பணயத் தீநிரல் சேர்த்தே பூட்டும்.

இந்திய அரசின் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணைப்படி, வரையறுக்கப்பட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். அக்குழு நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா, தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளிக்கலாம்.