தோட்ட மருத்துவமனையை ஆண்டவர் யார்?

மருத்துவமனைப் பொறுப்பாளரை அமர்த்தவும் நீக்கவும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவருக்கே அப்பொறுப்பாளர் அஞ்சுவார். மலாயாத் தோட்டங்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டம் போன்ற இடங்களில் வாழ்ந்த தமிழர், நோயுற்றால் முதலில் நாடியது 'டிரசர்' எனப்பெற்ற மருத்துவ உதவியாளரையே. மருத்துவர் எப்போதேனும் வந்து செல்வார். அன்றாடப் பொறுப்பு டிரசருடையது. ஆயினும் அவரை அமர்த்தியவர் தோட்டத் துரை. நீக்க வல்லவரும் துரையே. காய்ச்சலோடு வந்தவருக்கு ஓய்வு எழுதித் தந்தால் தோட்டத்தில் அன்றைய வேலை குறையும். நோயாளிக்கும் முதலாளிக்கும் இடையே அவர் நின்ற நிலை எத்துணை இடர்ப்பாடானது!

தோட்டச் சுகாதாரத்தைப் பொது வாரியங்களின் பொறுப்பில் கொணர, 1926இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் சட்டம் இயற்றப்பெற்றது. தோட்ட முதலாளிமார் எதிர்த்தனர். பொருளாதார மந்தக் காலத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களைச் சார்ந்த பினாங்கையோ அச்சட்டம் எட்டவேயில்லை.

விடுதலைக்குப் பின், 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவமனை உதவியாளருக்குப் பதிவு வாரியம் ஒன்றை அமைத்தது. தகுதியை வாரியம் ஆராய்ந்தது. வேலையைத் தந்ததோ தோட்ட நிருவாகமே. அரசாங்க மருத்துவமனைப் பணியாளர் நிலை வேறு. தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்காது அவரைப் பணிநீக்கம் செய்தல் கூடாதென அரசியலமைப்பின் 135ஆம் பிரிவு காக்கிறது.

டிரசருக்கும் அத்தகைய காப்பு இருந்திருப்பின், எத்தனையோ தொழிலாளர் உரிய ஓய்வு பெற்றிருப்பர் அன்றோ? நியமன முறையும் நோயாளியின் உயிரோடு தொடர்புடையதென மாணவர் உணர்தல் வேண்டும்.