முத்திரையும் நகைப்பும்: அலிப்பூர்க் காப்பகத்தின் கதவுக்கு வெளியே நின்ற அட்டைகள்

தென்கொல்கத்தாவின் அலிப்பூரை முத்திரைகளின் ஊர் என்று சொல்லலாம். மாவட்ட நீதிமன்றம் அங்கே இருக்கிறது. அரசியல் கைதிகளின் கடிதங்கள் தணிக்கை முத்திரை பெற்று வெளிவந்த மத்தியச் சிறை அங்கே இருந்தது. 1952ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் நாணயச்சாலையும் அங்கே இயங்குகிறது. வங்காளத் துணைநிலை ஆளுநர்கள் வாழ்ந்த பெல்வெடேர் மாளிகை விடுதலைக்குப் பின் தேசிய நூலகமாயிற்று. 1953 பிப்ரவரி 1 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தாளுக்கு அதிகாரம் தருவதும், தாளைத் தடுப்பதும், தாளைச் சேமிப்பதும் இங்கே ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தன.

அடுத்த ஆண்டே, அதாவது 1954இல், நூல்களைப் பொது நூலகங்களுக்கு வழங்கும் சட்டம் வந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியொன்றையும் பதிப்பாளர் தம் செலவில் 30 நாளுக்குள் அலிப்பூருக்கு அனுப்ப வேண்டும். சென்னையின் கன்னிமாரா உள்ளிட்ட வேறு நூலகங்களும் இதே உரிமையைப் பெற்றன. சட்டம் ‘நூல்’ என்பதற்குத் தாராளமான பொருளையே தந்தது. சிறுவெளியீடு, தனித்தாளாக அச்சான இசைக்குறிப்பு, நிலப்படம், வரைபடம் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். ஆனால் ஒருவர் தம் கையால் செய்து, நண்பர் ஒருவரைச் சிரிக்கவைக்க அனுப்பிய அட்டை அதில் அடங்காது. அது வெளியீடு அன்று. அதற்குப் பதிப்பாளரும் இல்லை, விலையும் இல்லை. கொல்கத்தாவின் அறிவுலக வரலாற்றில் இந்த விடுபடல் சிறியதன்று.

அந்நகரின் நகைச்சுவை அட்டைகளுள் மிகுந்த புகழ் பெற்றவை சுகுமார் ராயினுடையவை. அவருடைய தந்தை உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி படப்பதிவு அச்சுத் தொழில்நுட்பத்தில் முன்னோடி. 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். சுகுமார் 1911 முதல் 1913 வரை லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை பயின்று திரும்பினார். அதற்கு முன்பே, மாணவப் பருவத்தில், ‘நான்சென்ஸ் கிளப்’ என்ற நண்பர் குழுவை அமைத்து அதற்குக் கையெழுத்து இதழ் ஒன்றையும் நடத்தியிருந்தார். இங்கிலாந்திலிருந்து திரும்பிய பின் உருவானது ‘மண்டே கிளப்’. திங்கட்கிழமைதோறும் கூடிய அவ்வட்டத்தில் இலக்கியமும் மெய்யியலும் பேசப்பட்டன, தின்பண்டங்களுக்கும் குறைவில்லை. ஆதலால் ‘மண்டா’ என்னும் வங்காள இனிப்பின் பெயரால் அது ‘மண்டா கிளப்’ என்று கேலியாக வழங்கிற்று.

கூட்டத்துக்கான அழைப்பட்டைகளைச் சுகுமார் செய்யுளில் எழுதினார். கார்பார் சாலையில் குடும்ப அச்சகம் இருந்ததால் அச்சிடுவதும் எளிதாயிற்று. சங்கச் செயலர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமற் போனதைக் குறித்துப் புலம்பும் அழைப்பட்டை இன்றும் வங்காளிகளால் நினைவுகூரப்படுவது. அதன் நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாள், இடம், நேரம், பொருள், செயலரின் பெயர் என்னும் ஒழுங்கு காலனிய நகரத்தின் சங்கங்கள் அனைத்துக்கும் பொதுவானது. அந்த ஒழுங்கைச் சுகுமார் உடைக்கவில்லை. சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளே நண்பர்களின் சோம்பலையும் பசியையும் நிரப்பினார். அறிவிப்பின் விறைப்பே நகைப்பின் முதலாயிற்று. அவர் மறைந்து ஒன்பது நாளுக்குப் பின், 1923 செப்டம்பர் 19 அன்று வெளிவந்த ‘ஆபோல் தாபோல்’ தொகுப்பிலும் இதே முறையைக் காணலாம். அதிலுள்ள ‘ஏகுஷே ஆயின்’ என்ற பாடல் அபத்தமான சட்டவிதிகளையும் தண்டங்களையும் அரசாணையின் தொனியில் அடுக்குவது. அழைப்பட்டையில் பழகிய கை அது என்று கருத இடமுண்டு.

அவ்வட்டத்தில் கவிஞர் சத்யேந்திரநாத் தத்தரும் இசைப்பாடலாசிரியர் அதுல்பிரசாத் சென்னும் இருந்தனர். அலிப்பூரோடு பின்னாளில் தொடர்புற்ற இருவரும் இருந்தனர். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் பணியாற்றினார். பிறகு இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் பெயர் பெற்றார். மொழியியலறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி தேசியப் பேராசிரியராகிப் பெல்வெடேர் வளாகத்திலேயே அலுவலகம் கொண்டிருந்தார். திராவிடவியல் குறித்த அவருடைய சொற்பொழிவுகளை 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நூலாக்கியதால் தமிழ் மாணவர்க்கும் அவர் அறிமுகமானவரே. இவ்விருவரின் ஆய்வுநூல்களைச் சட்டமும் அட்டவணையும் காப்பகத்துக்குள் கொண்டுவந்துவிடும். அவர்கள் இளமையில் பெற்ற கேலி அட்டைகள் பெற்றவர்களின் அலமாரியையும், பின்னர் சுகுமார் தொகுப்புகளைப் பதிப்பித்தோரின் அக்கறையையும் நம்பியே பிழைத்தன.

அச்சகம் இல்லாதவர்க்கு முத்திரை துணைசெய்தது. 1844இல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். செயற்கைப் பல்லுக்கு அடித்தளம் வார்க்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்திய சிறு கொதிகலன்களிலேயே 1860களில் எழுத்து முத்திரைகளும் வார்க்கப்பட்டன. ஒரு தலைமுறைக்குள் ரப்பர் முத்திரை அலுவலகத்தின் குரலாக மாறியது. ‘பெறப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’, ‘அவசரம்’ என்னும் சொற்களை யாருடைய கையெழுத்தும் இன்றி, யாரும் பொறுப்பேற்காத குரலில் அது சொல்லிற்று.

கைவினை அட்டையில் முத்திரை நகைப்பூட்டுவதற்குக் காரணம் இந்தப் பொறுப்பற்ற குரலே. பிறந்தநாள் வாழ்த்தின் மீது ‘இரகசியம்’ என்ற முத்திரை விழும்போதும், காதல் கடிதத்தின் ஓரத்தில் ‘மூலப்படியுடன் ஒப்பிடப்பட்டது’ என்று பதியும்போதும், அலுவலகமும் அன்பும் ஒரே தாளில் மோதுகின்றன. செய்முறையும் இந்த மோதலுக்கு உதவுகிறது. மென்மையான அழிப்பானிலோ லினோலியத் துண்டிலோ உருவம் செதுக்கப்படும்; எழுத்துகள் இடவலம் மாறிச் செதுக்கப்பட வேண்டும்; மேடாக நிற்கும் பகுதி மட்டுமே மை ஏற்கும். வழவழப்பான அட்டையில் மை காயாமல் இழுபடும். கையால் செய்த தாளில் ஊறிப் பரவும். ஒரே காக்கையை மூன்று முறை பதித்தால், மூன்றாவதில் மை குறைந்து அது களைத்த காக்கையாகிவிடும். முத்திரை ஒருமையை உறுதியளிக்கிறது. கை அந்த உறுதியை மீறுகிறது. ஐரோப்பாவில் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919இலேயே அலுவலக முத்திரைகளைக் கொண்டு படங்கள் செய்ததும், 1960களின் அஞ்சற்கலைஞர்கள் அவற்றை விரும்பியதும் இதே காரணத்தால்தான்.

வங்காளத்தில் முத்திரைக்கு வேறொரு வழியும் இருந்தது. 1902இல் ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா காகுசோ கொல்கத்தா வந்தார். அடுத்த ஆண்டு ஓவியர்கள் தைக்கானும் ஹிஷிதாவும் வந்தனர். அத்தொடர்பின் வழியே கிழக்காசியப் பாணியிலான சிறு செந்நிறப் பெயர் முத்திரை வங்காள ஓவியர்களிடம் பரவிற்று. நந்தலால் போஸின் பல சிறு ஓவியங்களில் அதைக் காணலாம். அலுவலக முத்திரை ஆளை மறைத்தது. இந்த முத்திரை ஆளைக் காட்டியது.

ஒட்டுப்படத்தின் வரலாற்றில் ஜோராசாங்கோ தாகூர் இல்லத்துக்குத் தனியிடம் உண்டு. அங்கே ககனேந்திரநாத் தாகூர் கல்லச்சில் கேலிச்சித்திரத் தொகுப்புகளை வெளியிட்டார். ‘பிரூப் பஜ்ர’, ‘அத்புத் லோக்’ இரண்டும் 1917இலும் ‘நப ஹுல்லோட்’ 1921இலும் வந்தன. அவை வெளியீடுகள். அவருடைய தம்பி அவனீந்திரநாத் 1930களில் செய்த ‘குத்துர் ஜாத்ரா’ அவ்வாறு வெளியிடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. இராமாயணக் கதையை நாட்டார் நாடக வடிவில் எழுதி, பக்கந்தோறும் செய்தித்தாள் படங்களையும் வணிக விளம்பரங்களையும் வெட்டி ஒட்டிய கையெழுத்துச் சுவடி அது. காவிய மாந்தர்க்கு அருகே அன்றைய சந்தைப் பொருள்கள் நின்றன. விளம்பரத்தின் வாசகத்தைக் கதையின் சொல் கேலி செய்தது. கதையின் கம்பீரத்தை விளம்பரம் கேலி செய்தது. பாரதமாதா ஓவியத்தால் அறியப்பட்ட கலைஞர், முதுமையில் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு விளையாடினார். தேசியக் கலையின் தலைவர் என்ற பிம்பத்துக்கு இது பொருந்தாததால் ஆய்வுலகம் நெடுங்காலம் இதைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிற்று. 2009இல் படியுருப் பதிப்பு வந்த பின்னரே, இந்தியாவில் ஒட்டுப்படக் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது பேசப்படலாயிற்று.

நந்தலாலிடம் அட்டை அன்றாட ஒழுக்கமாயிற்று. இந்திய அஞ்சல் துறை 1879இல் கால் அணா அஞ்சலட்டையை அறிமுகம் செய்திருந்தது. அதே அளவிலான வெற்று அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு, போகுமிடமெல்லாம் அவர் வரைந்தார். மாணவர்க்கும் நண்பர்க்கும் சொல்லுக்கு ஈடாகக் கோட்டை அனுப்பினார். 1930இல் வெளிவந்த ரவீந்திரநாதரின் ‘சகஜ் பாத்’ பாடநூலுக்கு அவர் செய்த லினோ அச்சுப் படங்களின் சிக்கனம் இந்த அட்டைப் பழக்கத்தோடு உறவுடையது. அவரிடம் 1940 முதல் 1942 வரை பயின்ற சத்யஜித் ராய் தம் வாழ்த்து அட்டைகளைத் தாமே வடிவமைத்தார். அவரிடம் பாட்டனின் அச்சுக்கலையும் தந்தையின் நகைச்சுவையும் ஆசிரியரின் கோடும் சந்தித்தன. 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்த கே.ஜி. சுப்பிரமணியன், மலபாரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். பரோடா நுண்கலைக் கல்லூரியின் சந்தைகளுக்கு அவர் செய்த பொம்மைகளில் இந்தக் குறும்பு தொடர்ந்தது. நந்தலாலின் பிறந்தநாளையொட்டி 1973 முதல் டிசம்பர் 1, 2 நாட்களில் கலா பவனத்தில் நடைபெறும் ‘நந்தன் மேளா’வில் மாணவர்கள் செய்த அட்டைகளும் நாட்காட்டிகளும் விற்கப்படுகின்றன, அந்த வருவாய் மாணவர் நலனுக்குச் செல்கிறது. வாங்கியவர் வீட்டுக்குப் போன அட்டை அதோடு வரலாற்றின் கண்ணிலிருந்தும் மறைகிறது.

தமிழ்ச் சூழலில் இதன் இணை பொங்கல் வாழ்த்து. சிவகாசி அச்சகங்களின் வண்ண அட்டைகளும், கட்சித் தலைவர் படம் தாங்கிய அட்டைகளும், பள்ளி மாணவர் அஞ்சலட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த பானையும் கரும்பும் ஒரே அஞ்சற்பையில் சென்றன. அவற்றுள் அச்சானவை ஓரளவு எஞ்சின. வரைந்தவை பெரும்பாலும் அடுப்புக்கும் பழைய தாள் வியாபாரிக்கும் போயின. இங்கே கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பார்வை நினைக்கத்தக்கது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் உருவானது. எழுத்து வரைந்து பிழைத்த கைக்கு, பிறர் கழிவெனக் கருதிய தாளின் மதிப்பு தெரிந்திருந்தது.

இத்தகைய அட்டைகளைக் காப்பதில் தாளைக் காப்பது பாதி வேலையே. பசை உலர்ந்து துண்டுகள் உதிரும், மை மங்கும். அதைவிட விரைவில் மங்குவது நகைச்சுவை. செயலர் ஏன் காணாமற் போனார் என்பதை அறிந்தவர் இருக்கும்வரை மண்டே கிளப்பின் அழைப்பு சிரிப்பு. பிறகு அது அடிக்குறிப்பு வேண்டிநிற்கும் ஆவணம். எனவே ஆய்வாளர் அட்டையின் இரு புறங்களையும் படியெடுக்க வேண்டும். பின்புறத்து அஞ்சல் முத்திரையே பெரும்பாலும் அதன் ஒரே நாட்குறிப்பு. அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் இருந்த உறவைப் பதிய வேண்டும். ஒட்டிய துண்டு எந்த இதழிலிருந்து, எந்தப் பொட்டலத்திலிருந்து வந்தது என்று தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காகச் சிரித்தார்கள் என்பதைச் சிரித்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அலிப்பூரின் அலமாரிகளில் மகலனோபிஸின் புள்ளியியல் இருக்கிறது. சட்டர்ஜியின் மொழியியல் இருக்கிறது. அந்த இருவரும் ஒரு திங்கட்கிழமை மாலை எதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள் என்பதற்கான சான்று, விரல் நீளத் தாளொன்றை எவரோ தூக்கியெறியாமல் வைத்திருந்ததால்தான் நமக்குக் கிட்டியது. இன்றைய வாழ்த்துகள் கைபேசித் திரையில் வந்து, நினைவகம் நிரம்பியதும் அழிக்கப்படுகின்றன. கையால் செய்த கடைசித் தலைமுறை அட்டைகள் இன்னும் வீடுகளில், பழைய பிஸ்கட் டப்பாக்களில், கல்லூரி விடுதிப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்கும் பொறுப்பு எந்தச் சட்டத்தாலும் எவர் மீதும் சுமத்தப்படவில்லை. வரலாற்று மாணவர்கள் அதைத் தாமாக ஏற்றால்தான் உண்டு.